இன்வெர்ட்டர் மேல் பொங்கிய மாவு

சுந்தர்சிங்குக்குச் சமையலில் தெரிந்ததெல்லாம் டீ போடுவதும் அப்பளம் சுடுவதும்தான். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மைதாவோடு மல்லுக்கு நின்றதற்கு அவருடைய வாய்தான் காரணம்.

மனைவி அபிகாயில் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வியாழக்கிழமை டூட்டிக்குக் கிளம்பும்போது போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒருத்தி பன்னைப் பிய்க்க, அது பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது.

"எவ்ளோ சாஃப்டா இருக்கு பாருங்க."

"இது என்ன பெரிய விஷயம்? நானே செய்வேன்" என்று சொல்லிவிட்டார்.

செருப்பு மாட்டும்போது சிரிக்க ஆரம்பித்தவள், தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. நைட் டூட்டி முடிந்து எட்டரைக்கு அவள் இரும்புலியூர் வீட்டுக்குள் நுழையும்போது, மேஜையில் சுடச்சுடப் பன் இருக்க வேண்டும்.

வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் கலந்தார். ஒரு டீஸ்பூன் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். பொங்காமல் போனால் மானம் போய்விடுமே என்று பாக்கெட்டையே கவிழ்த்தார். மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைய, அது பத்து விரலிலும் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மூக்கால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"எழுந்துட்டீங்களா? என்ன இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் அபிகாயில்.

"யோகா."

"சரி, பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

இன்னும் கால்மணி நேரம் அடித்துப் பிசைந்ததும் மாவு மெத்தென்று வந்தது. அதைச் சூடான இடத்தில் வைக்க வேண்டுமாம். வீட்டில் எப்போதும் கதகதவென்று இருப்பது ஹாலில் உள்ள இன்வெர்ட்டர்தான். அதன் தலையில் பாத்திரத்தை வைத்து, துணி போட்டு மூடிவிட்டு, துணி துவைத்துக் குளித்துவிட்டு வந்தார்.

வந்து பார்த்தால் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் உறுமிக்கொண்டிருந்தது. துணியைத் தூக்கிக்கொண்டு எழும்பிய மாவு, பாத்திரத்தின் விளிம்பு தாண்டி, ஸ்விட்ச் பக்கம் நாக்கு நீட்டி இறங்கியது. "ஐயோ ஆண்டவரே!" என்று பாய்ந்து தாங்கினார். இந்தப் பக்கம் ஏந்தினால் அந்தப் பக்கம் நழுவியது. கடைசியில் மொத்தத்தையும் பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு நின்றார்.

கதவு திறந்தது. மாற்று நர்ஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் அபிகாயில் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தாள்.

மாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "இதான் யோகாவா?" என்றவள் கைப்பையை நழுவவிட்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் களைத்து வந்திருப்பாளே என்று பயந்தவருக்கும் அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்க மாவும் குலுங்கியது.

"கரண்ட் இல்லாம ஓவன் எப்படி ஓடும், அபி?"

"குக்கர் எதுக்கு இருக்கு? முதல்ல லுங்கியைக் கட்டுங்க."

மாவைப் பலகையில் கொட்டி ஆளுக்கொரு குத்து விட்டார்கள். அது புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. "இது எங்க சூப்பர்வைசருக்கு" என்று அபிகாயில் இன்னொரு குத்து விட்டாள். உருட்டினால் இருபத்திரண்டு உருண்டைகள். குக்கர் அடியில் உப்பைப் பரப்பி, தட்டில் ஐந்தைந்தாக உள்ளே வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடினார்கள்.

முதல் ஐந்தும் அடியில் கரி. இரண்டாம் முறை தீயைக் குறைத்தார்கள். மூடியைத் திறந்ததும் பழுப்பேறிய ஐந்து கன்னங்கள்! அபிகாயில் ஒன்றைப் பிய்த்தாள். ஆவி பறக்க நூல் நூலாகப் பிரிந்தது. வெண்ணெய் தடவி வாயில் போட்டாள். அவர் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். இருவரும் நின்றபடியே ஐந்தையும் தீர்த்தார்கள்.

மாடிவீட்டுக் கனகவல்லி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, வாசனை தூக்குது! வூட்டுல பேக்கரி வெச்சிக்கினு கீறீங்களா?"

"அங்கேயே நிக்காதே, உன் குக்கரையும் எடுத்துட்டு ஓடி வா!" என்று கத்தினாள் அபிகாயில்.

தூங்கப் போக வேண்டியவள், தூக்கத்தை மறந்து போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். "ஏய் சினேகா, கேளு, எங்க வீட்டுக்காரர் பன் சுட்டாரு... இல்லடி, கடையில வாங்கல, அவரே! பஞ்சு!"

சுந்தர்சிங் அடுத்த ஐந்து உருண்டைகளைத் தட்டில் அடுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். காது இரண்டும் குக்கரைவிடச் சூடாக இருந்தன.