நாலு அறைப் பெட்டி

ஏலக்காரம்மாவுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளை மேல் மாடியில், சின்ன மாப்பிள்ளை கீழே. ஒரே கூடத்தில் உட்காருவார்கள், ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள்.

பேச்சு நின்றதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. பெரியவருக்கு ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சின்னவர் படப்பிடிப்புகளுக்குப் போய் ஒலிப்பதிவு செய்கிறவர். ஒருநாள் சாப்பிடும்போது பெரியவர், மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று கேட்டார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதற்கே தருகிறார்களே என்றார் சின்னவர். அன்றோடு சரி. வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி ‘காய்’ விட்டுக்கொண்டார்கள்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் வாய், மாமியார்தான். “அத்தை, அவர்கிட்ட சொல்லுங்க” என்று பெரியவர் ஆரம்பித்தால், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் சின்னவர் உடனே ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வார். ஏலக்காரம்மா கையைத் தூக்கினால்தான் கழற்றுவார். அவள் வாயிலிருந்து வருவதை மட்டும் கேட்பார். பதிலும் அவள் வழியாகவே திரும்பிப் போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவள் விஷயத்தில் அப்பட்டமான உண்மை. ஆனாலும் இந்தப் பக்கத்து வசவை அந்தப் பக்கத்துக்குக் குறைத்துச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. மீனையும் பேச்சையும் அவள் தண்ணீர் தெளித்து விற்றதே கிடையாது.

மீன் சந்தையில் ஏலம் விடுவதுதான் அவள் தொழில். ஐஸ் உடைக்கிற சத்தம், லாரிச் சத்தம், கூடைக்காக அடித்துக்கொள்கிறவர்கள் சத்தம், அத்தனைக்கும் மேலே அவள் குரல் ஏறி நிற்கும். மைக் கிடையாது. “ஒரு தரம்” என்றால் கூடம் அடங்கும். “ரெண்டு தரம்” என்றால் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன்கூடக் கையைத் தூக்குவான். “மூணு தரம்” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாருக்கும் அங்கே பேச்சில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வாழ்ந்தவளுக்குத் தொண்டையிலேயே வந்தது வினை. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்திதான் ஒரு வழி காட்டினாள். ஆபரேஷனுக்கு முன்பே குரலைப் பதிவு செய்து வைத்தால், பிறகு ஒரு கருவி செய்யலாம். எதை டைப் செய்தாலும் அது அவள் குரலிலேயே பேசும். பதிவு மட்டும் பத்திரம், ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்றாள். ஏலக்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கருவியை ஒரு ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏலக்கூடத்தில் நிற்பது என்று முடிவு செய்துவிட்டாள். அந்த எண்ணம் மட்டும் இல்லையென்றால் அவள் ஆபரேஷனுக்கே சம்மதித்திருக்க மாட்டாள்.

சின்னவர் தன் அறைச் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார். எண்கள், மீன் பெயர்கள், ஏலக் கூவல், கெஞ்சல், அதட்டல் என்று எதையும் விடவில்லை. சிரிப்பும் வேண்டும் என்றார். சும்மா சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? எழுந்து, தன் சகலை சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவதைப் போல நடந்து காட்டினார். ஏலக்காரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதுவும் பதிவானது.

இனி அதை எதில் வைப்பது என்பதில்தான் சண்டை. வெளியார் கம்ப்யூட்டரில் வைத்தால் அத்தை குரலைத் திருடி, அத்தை மாதிரியே யாராவது போன் செய்து ஏமாற்றுவான் என்றார் பெரியவர். அதனால் வீட்டிலேயே ஒரு சர்வர் வைக்கலாம். நாலு டிரைவ் போடும்படி நாலு அறை கொண்ட ஒரு பெட்டி. அதில் குரலோடு வீட்டுப் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் வைத்துவிடலாம். ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தால் ஆகாதா என்று பெரிய மகள் கேட்டாள். இரண்டு மாப்பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்புதான்.

பெரியவருக்கு நாலு டிரைவும் ஒரே கம்பெனியில், ஒரே அளவில், இரவு பகலாக ஓடுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சிஸ்டம், அவர் அலுவலகத்தில் பழகிய இலவச சிஸ்டம். எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் அது தானே திரும்பத் திரும்பச் சரிபார்க்குமாம். சின்னவருக்கு அதில் ஒன்றுமே பிடிக்கவில்லை. ஒன்றாகப் பிறந்த நாலு டிரைவும் ஒன்றாகவே சாகும், ஆளுக்கொரு கம்பெனியாக வாங்கவேண்டும் என்றார். சிஸ்டம், பெட்டியோடு வருவதே போதும். போனில் திறந்தால் வீட்டுப் பெண்களும் பார்க்கலாம்.

“அவர் சிஸ்டத்தைத் திறக்கணும்னா அவரையே கூப்பிடணும். அவர் செத்துப்போயிட்டா யாரைக் கூப்பிடறதுன்னு கேளுங்க அத்தை.”

அவள் கேட்டாள். வார்த்தை மாறாமல் கேட்டாள். பெரியவர் முகம் சுண்டிப்போனது. ரெடிமேட் சட்டை போடுகிறவர்களுக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும் என்று பதில் அனுப்பினார். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தொண்டைக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த குரலை இப்படித்தான் செலவழித்தாள். காலையில் டிரைவ், மாலையில் சிஸ்டம்.

தன் சிஸ்டம் எப்பேர்ப்பட்டது என்று காட்ட, பெரியவர் மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டார். கூடத்தில் ஒரு கேமராவை மாட்டி, அது பிடிப்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் சேரும்படி செய்தார். டிஸ்க் நிறையும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். அத்தையையும் அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாமாம். என்னைக் காவல் காக்கிறீர்களா என்று அவள் சீறினாள். கேமரா அதையும் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் நெருங்கியும் பெட்டி வந்தபாடில்லை. ஒரு சாயங்காலம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கூடத்து மேசையைக் கையால் ஓங்கித் தட்டினாள். ஏலத்திலேயே விட்டாள்.

“பெட்டியில நாலு அறை. ரெண்டு பெரிய மாப்பிள்ளைக்கு, ரெண்டு சின்ன மாப்பிள்ளைக்கு. அவங்கவங்க டிரைவ் அவங்கவங்க இஷ்டம். சிஸ்டம் பெரியவரோடது. ஒரு தரம். ரெண்டு தரம்.” இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மூணு தரம்.”

அவள் தன் சொந்த வாயால் விட்ட கடைசி ஏலம் அது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கழுத்தில் ஓட்டை, கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, ஒரு பேனா. எச்சில் விழுங்குவதே வேலையாக இருந்தது. இனியாவது இவர்கள் நேராகப் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். அட, அதற்கெல்லாம் மானம் விடுமா? முன்பு வாய் வழியாகப் போனது இப்போது பலகை வழியாகப் போயிற்று. ஒருவர் சொல்ல, இவள் எழுதி, நடந்துபோய், இன்னொருவர் தோளைத் தட்டிக் காட்ட வேண்டும். பதிலைக் கேட்டு அழித்து எழுதி, மறுபடியும் நடக்க வேண்டும்.

பெட்டி வந்தது. பெரியவர் தன் புது டிரைவ் இரண்டையும் உள்ளே செருகினார். சின்னவர் வந்து தன்னுடைய இரண்டையும் செருகிவிட்டு, ஜன்னலோரம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இரண்டில்தான் அவள் குரல் இருந்தது. ஒன்றில் அசல், ஒன்றில் நகல். லேப்டாப்பில் இருந்ததை வேறு வேலைக்கு இடம் வேண்டுமென்று அழித்திருந்தார். முதலில் தன் டிரைவிலிருந்து பெரியவர் டிரைவுக்குக் காப்பி செய்வார்கள், புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்வான் என்பது அவர் நினைப்பு. புதுப் பெட்டியில் காலி டிரைவைத்தான் போடுவார்கள், புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்வான் என்பது பெரியவர் நினைப்பு. இரண்டு பேருக்கும் புத்திக்குக் குறைச்சலே இல்லை.

திரையில், நாலு டிரைவிலும் இருப்பது எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. பெரியவருக்குக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

“அத்தை, அந்த ரெண்டு டிரைவும் காலியான்னு கேளுங்க.”

அவள் ‘காலியா?’ என்று பலகையில் எழுதிக்கொண்டு எழுந்தாள். கூடத்தைக் கடந்து போவதற்குள் கழுத்து ஓட்டையில் மூச்சு இரைந்தது. சின்னவர் கண்ணை மூடி, எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்றபோது அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. குரல் போய் ஊமையான பிறகும் இவர்களுக்கு நான்தான் வாயா? கேட்கிறவனுக்குக் கால் இல்லையா, எழுந்து வந்து கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா? அவள் தோளைத் தட்டவில்லை. உள்ளங்கையால் பலகையை அழித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பெரியவருக்கு அங்கிருந்து தெரிந்தது அவள் முதுகும், அதற்கு அப்பால் ஆடிய தலையும்தான். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சம்மதத்தை அழுத்தினார். ஜாக்கிரதைக்காரர் ஆயிற்றே, அதோடு விடாமல் நாலு டிரைவும் முழுசாக எழுதிப் பார்த்துத் தேறட்டும் என்று ஒரு சோதனையையும் ஓடவிட்டார். மறுநாள் விஷயம் தெரிந்தபோது, அந்த டிரைவ்களில் ஒரு மூலை மிச்சமில்லாமல் சோதனை எழுதி முடித்திருந்தது. தொலைந்ததை மீட்டுத் தருகிற கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இரண்டு பேரும் அவளிடம்தான் வந்து நின்றார்கள். காலியான்னு அத்தை கேட்டாங்களே, நீங்க தலையாட்டினதைப் பார்த்தேனே என்று சகலையிடம் சொல்லச் சொன்னார் பெரியவர். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லச் சொன்னார் சின்னவர். அவள் பலகையை எடுத்து ஒரே வார்த்தை எழுதி, இரண்டு பேருக்கும் தெரியும்படி பிடித்தாள். ‘கேக்கல.’ பெரியவர் மாடிக்குப் போய்விட்டார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அழுதால் சத்தம் வரவில்லை. அது அவளை இன்னும் கொன்றது. சின்ன மகள் முதுகைத் தடவ வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

மாடியிலிருந்த பழைய கம்ப்யூட்டர் பெரியவருக்கு நினைவு வரச் சில நாள் ஆனது. கேமரா பிடித்தது எல்லாம் அதில் அப்படியே இருந்தது. ஒலியைத் தனியே பிரித்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் சின்னவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். சின்னவர் மின்விசிறி இரைச்சலையும் தெருச் சத்தத்தையும் களைந்து, அவள் குரலை மட்டும் பொறுக்கி எடுத்தார். நாள் கணக்காக அதே வேலை. பேச்சுப் பயிற்சி அம்மா கேட்டுவிட்டு, போதும், செய்யலாம் என்றாள். ஆனால் இதில் இருப்பது எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, இந்த அம்மா சிரித்ததே இல்லையா என்று கேட்டாள்.

கருவி வந்த அன்று எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். ஏலக்காரம்மா ‘தண்ணி வேணும்’ என்று டைப் செய்தாள். தண்ணீர் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி அதட்டிக் கேட்டது கருவி. சின்ன மகள் சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஏலக்காரம்மா ‘நல்லா இருக்கியா?’ என்று டைப் செய்தாள். அதுவும் சண்டைக்கு இழுத்தது. மாப்பிள்ளைகளுக்கு இடையே ஓடி ஓடிச் சலித்த குரல்தான் அவளுக்கு மிஞ்சியிருந்தது. சிரித்த குரல் போனது போனதுதான். அவளுக்கு அது நெஞ்சை அறுத்தது.

திரையில் ஓரமாக மூன்று பொத்தான்கள் இருந்தன. அவற்றில் இருந்த குரலைக் கருவி உண்டாக்கவில்லை. கூடத்தில் அவள் விட்ட அந்தக் கடைசி ஏலத்தைச் சின்னவர் மூன்றாக வெட்டி, அப்படியே வைத்திருந்தார்.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். இந்தக் குரலையாவது இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்றார். டிரைவ் ஏதாவது இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

“அத்தை, அவர்கிட்ட கேளுங்க...”

சின்னவர் கை பழக்கத்தில் ஹெட்போனுக்குப் போனது.

ஏலக்காரம்மா முதல் பொத்தானை அழுத்தினாள். “ஒரு தரம்.” ஏலக்கூடத்துக் குரல், சுத்தமாக, முழுசாக வந்து கூடத்தை அடைத்தது. ஹெட்போன் பாதியில் நின்றது. பெரிய மகள் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள்.

“ரெண்டு தரம்.”

மூன்றாவது பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, பெரிய மாப்பிள்ளையையே பார்த்தாள். அதை அழுத்திவிட்டால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாருக்கும் பேச்சில்லை என்பது அவருக்குப் புரிந்தது. துருப்பிடித்த குழாயைத் திருகுவதுபோல மெல்லக் கழுத்தைத் திருப்பி, வருஷக்கணக்கில் நேருக்கு நேர் பார்க்காத சகலையின் முகத்தைப் பார்த்தார்.

“அந்த ரெண்டு டிரைவும் காலியா?”

சின்னவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இப்ப காலிதான்.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏலக்காரம்மா விரலை எடுக்கவில்லை. இன்னும் பேசட்டும் என்று காத்திருந்தாள்.