மூன்று கழுத்து அங்கி

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சலவைக்காரியின் தொட்டியிலிருந்து வெளியே வந்த அங்கிக்குக் கழுத்து மூன்று, கை ஆறு. ஊறப்போட்டது மூன்று உருப்படி, பிழிந்தது ஒன்று. எங்கேயும் தையல் இல்லை. வெளுப்பு குறை சொல்ல முடியாத வெளுப்பு. அதை உதறிக் கொடியில் போட்டு, எட்டு கிளிப் மாட்டிவிட்டு, வீட்டுக்குள் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா செத்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

இருபத்திரண்டு வருடமாக அவளிடம் தொட்டி மூன்று இருந்தன. கோபுரக் கோவில் பாதர், கல்கோவில் போதகர், தகரக்கூரைச் சபை பாஸ்டர், மூவருக்கும் வெளுப்பவள் அவள்தான். ஒருவர் அழுக்கு இன்னொருவர் அழுக்கோடு சேரக்கூடாது என்று மூவரும் தனித்தனியாக வந்து சொல்லியிருந்தார்கள். மூவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அங்கியே ஆகாது என்று பிரசங்கிக்கும் பாஸ்டருக்குக்கூட, அவருடைய நீள வெள்ளைக் கோட்டில் கஞ்சி குறைந்தால் முகம் சுருங்கிவிடும். சோப்பு ஒன்று, குழாய் ஒன்று, தேய்க்கிற கையும் ஒன்று, தொட்டி மட்டும் மூன்று. என்ன கூத்தோ என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

அக்கா விஷயத்தில்தான் வயிறு எரிந்தது. அக்காவுக்கு ஞானஸ்நானம் கோபுரக் கோவிலில், கல்யாணம் கல்கோவிலில். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மாமா போய்ச் சேர்ந்த பிறகு, பாட்டு நன்றாயிருக்கிறது என்று தகரக்கூரைக்குப் போய்க் கைதட்டிப் பாடினாள். சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்று: கல்கோவில் கல்லறையில், மாமா பக்கத்தில் கொஞ்சம் இடம். போதகர் பதிவேட்டைப் புரட்டி, பதினோரு வருடமாக வராதவள் பெயரை அடித்தாகிவிட்டது என்றார். பாஸ்டர், அவள் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அதனால் தன் ஆள் இல்லை என்றார். பாதர் காப்பி கொடுத்து உட்காரவைத்து, கல்யாணத்தன்றே எங்களை விட்டுப் போனவள்தானேம்மா என்றார். ஜெபிப்பதாக மட்டும் மூவரும் சொன்னார்கள். வீட்டில் ஐஸ்கட்டி உருகிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மூன்று இடத்து உடுப்பும் வெளுக்க வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஊர் மன்றத்தில் கிறிஸ்தவ ஒற்றுமை விழாவாம், மேடைக்குப் பளிச்சென்று வேண்டுமாம். 'நாம் அனைவரும் ஒரே உடல்' என்று தெருவுக்குத் தெரு பேனர் தொங்கியது. ஒரே உடலாம்! மூன்று நாளாக இங்கே ஓர் உடல் கிடக்கிறது, அது ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. அவள் மூன்றையும் ஒரே தொட்டியில் கொட்டி, உள்ளே இறங்கி, கால் வலிக்க மிதித்தாள். துணியையா மிதித்தாள், ஆட்களையா மிதித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மத்தியானம் மூவரும் வந்து கொடியைப் பார்த்தார்கள். தையல்காரரை அழைத்தார்கள், அவருடைய கத்தரி வளைந்துபோயிற்று, துணியில் ஒரு நூல் பிரியவில்லை. வேறு உடுப்பு எடுத்து மாட்டினார்கள். கடைசிப் பொத்தானைப் போடுவதற்குள் அது உடம்பில் இல்லாமல் சலவைக்காரியின் கொடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது மூவருக்கும் பனியனைத் தவிர மிஞ்சியது எதுவுமில்லை.

"அத எடுத்துக் குடும்மா, கெஞ்சிக் கேட்கிறோம்" என்றார் போதகர்.

"தாராளமா போட்டுக்கோங்க சார். ஆனா போட்டதும் நேரா எங்க அக்காவத் தூக்கணும். மேடைக்கு வெள்ளை வேணும், அவளுக்கு ஆறடி மண்ணு குடுக்க மாட்டீங்க. வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"சட்டதிட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றார் பாதர்.

"அப்போ பனியனோட மேடை ஏறுங்க பாதர்!"

பாஸ்டர்தான் முதலில் தலையை நுழைத்தார்.

ஊர்வலம் போக நேரமாயிற்று. ஒருவர் எட்டி நடந்தால் மற்ற இருவருக்கும் கழுத்து இறுகியது. கல்லறை வாசலில் மூவரும் பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி நுழைந்தார்கள். குழிக்குமுன் ஒருவர் மட்டும் ஜெபிக்க வாய் திறந்தபோதும் அதே இறுக்கம். கடைசியில் மூவருக்கும் மனப்பாடமான ஒரே ஜெபத்தைச் சொன்னார்கள். ஒருவர் தந்தையே என்றார், மற்றவர்கள் பிதாவே என்றார்கள், நடுவில் வார்த்தைகள் முட்டிக்கொண்டன, ஆமென் மட்டும் ஒன்றாக வந்தது. அக்கா மாமா பக்கத்தில் இறங்கினாள். சலவைக்காரி அப்போதுதான் அழுதாள். அழும்போதும் கோபம் தணியவில்லை. மூன்று நாள், முழுசாக மூன்று நாள், ஒரு மனுஷியை ஐஸில் போட்டுவைத்தார்களே பாவிகள்.

முடிந்ததும் பாதர் தயங்கித் தயங்கி, அங்கியின் ஓரமெல்லாம் குழி மண்ணாகிவிட்டது, மேடைக்குமுன் ஒருதரம் அலசித் தர முடியுமா என்று கேட்டார்.

"மண்ணோடவே போங்க" என்றாள்.

மண்ணோடுதான் போனார்கள். கைதட்டல் பலமாக இருந்ததாம், அவள் போகவில்லை. இது நடந்து ஒன்பது வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்கோவிலில் ஏழு மணிக்கு, கோபுரக் கோவிலில் ஒன்பதுக்கு, தகரக்கூரையில் பதினொன்றுக்கு, மூன்றுக்கும் மூவருமே போகிறார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. இரண்டு தொட்டிகளை அவள் கவிழ்த்துப்போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துதான் இஸ்திரிக்குத் துணி பிரிக்கிறாள். திங்கட்கிழமை தவறாமல் அங்கி வருகிறது. வியர்வை, மெழுகு, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறாள். ஓரத்து மண்ணை மட்டும் தொடுவதில்லை. ஏன் என்று அவர்களும் கேட்பதில்லை.