அரை மிதிக்கு முழு வேகம்

சோப்புப் பெட்டியளவுகூட இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டியை வேனில் மாட்டிக்கொண்டு வந்த அன்று, அந்த வண்டியை ஓட்டுகிறவனிடம் மகுடேஸ்வரன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கடைக்காரன் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்து, பெட்டியை மாட்டச் சொல்லி, தானே வேனை ஓட்டிக்கொண்டு திருப்பூர் நல்லூருக்கு வந்தார். கம்பெனி வாசலில் இறங்கிச் சாவியை இசக்கிமுத்துவின் கையில் வைத்து, இனி வண்டி பறக்கும், காலையில் எட்டரைக்கு ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது என்றார். சொன்ன விதத்தில் ஒரு குறையும் கிடையாது. அவர் யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிமுத்துவுக்கு அந்த மரியாதையைப் பார்த்து முதல் ஒரு வருஷம் மனசே குளிர்ந்து கிடந்தது.

அது 2008. மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனிக்குப் பொங்கலூர்ப் பக்கமிருந்து தையல்காரப் பெண்களை ஏற்றிவருவதுதான் இசக்கிமுத்துவின் வேலை. வண்டி புது மாதிரி டீசல் வேன். பன்னிரண்டு பேர் உட்காரலாம். பத்தொன்பது பேர் ஏறுவார்கள். முந்தின மாசம் மேலும் இரண்டு தெருக்களைச் சேர்த்துவிட்டு, பழைய நேரத்துக்கே வா என்றார்கள். போதாக்குறைக்கு, வண்டியை நிறுத்துமிடம் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் ஓடும் கொட்டகையின் பின்பக்கம். அங்கே இருபத்துநாலு மணி நேரமும் பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்செல்லாம் ஏர் ஃபில்டரில் போய் அடைந்துகொண்டு, மேட்டில் ஏறும்போது வண்டிக்கு மூச்சு முட்டியது. ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று அவன் மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் பார்க்கலாமுங்க என்றுதான் பதில் வந்தது. கடைசியில் பார்த்துவிட்டு வாங்கிவந்தது இந்தப் பெட்டியை.

பெட்டியின் சங்கதியை இசக்கிமுத்து இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். பழைய வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து இன்ஜினுக்குக் கம்பி போகும். இதில் ஒயர்தான். கால் எவ்வளவு மிதித்தது என்று மிதி ஒயர் வழியாகச் சொல்ல, இன்ஜின் அதைக் கேட்டு நடக்கும். இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறது. கால்வாசி மிதித்தால் பாதி மிதித்துவிட்டான் என்கிறது, பாதி மிதித்தால் முழுக்க மிதித்துவிட்டான் என்கிறது. முழுக்க மிதித்த பிறகு சொல்வதற்கு அதனிடம் பொய்யும் மிச்சமில்லை. மேட்டில் முழு மிதியில் வண்டி முன்பு எப்படித் திணறியதோ அப்படியேதான் திணறியது. பசிக்கிறவன் குரலை உயர்த்திக் கேட்டால் பானையில் சோறு கூடிவிடுமா என்ன?

வேகம் கூடவில்லை, கூடியது குதிப்புதான். கிளட்சை விட்டுக் காலை லேசாக வைத்தாலே வண்டி முன்னால் பாய்ந்தது. பெட்டியின் ஓரத்தில் திருகுவதற்கு ஒரு குமிழ் இருந்தது. இசக்கிமுத்து அதைச் சத்தமில்லாமல் கீழே இறக்கிவைத்து ஓட்டினான். அடுத்த வாரம் மகுடேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டார். குமிழை உச்சத்தில் வைத்து, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார்.

அப்போதுதான் இசக்கிமுத்து வாயைத் திறந்தான். "மொதலாளி, ஆளு ஏறுத எடத்துல வண்டி குதிக்கி. பொம்பளையாளுவ நின்னுக்கிட்டு இருப்பாவ. கையக் கால ஒடிச்சிரும்."

"பழகிக்கோணுமுங்க இசக்கி," என்றார் அவர். "புது மிஷின் வந்தப்ப டெய்லருங்க பழகிக்கிலீங்களா?"

அவனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டு போய் வண்டியை எடுத்தான். அங்கேதான் தப்பு நடந்தது என்று பிற்பாடு அவனே பல தடவை நினைத்துக்கொண்டான்.

நாலாவது நாள் காலை பொங்கலூரில் கடைசியாக ஏறியவள் ஒச்சாயி. உசிலம்பட்டிக்காரி. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் அவளுக்கு ஈடாக அந்தக் கம்பெனியில் இன்னொருத்தி கிடையாது. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கை கம்பியில். கதவைச் சாத்திவிட்டார்கள், எல்லாரும் ஏறியாயிற்று என்று உள்ளேயிருந்து யாரோ தகரத்தைத் தட்டினார்கள். இசக்கிமுத்து காலை வைத்தான். வைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, செருப்பு பட்டது. வண்டி முன்னால் பாய்ந்தது. ஒச்சாயி பின்னால் போய் இருக்கையின் இரும்பில் விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அவள் அழவில்லை. கொட்டிக் கிடந்த குழம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இசக்கிமுத்து வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியில் ஆடிட் என்றார்கள். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரனைப் பையர் என்பார்கள். அவன் அனுப்பும் ஆட்கள், தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வருவார்கள். திருப்பூரில் ஆடிட் என்றால் கல்யாண வீடு கெட்டது. கக்கூசுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சும் மருந்தும் வந்து உட்காரும். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்களுக்குப் பாடம் நடக்கும். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிவிட்டதால் ஒச்சாயியின் கையை மட்டும் சுண்ணாம்பு அடித்து மறைக்க முடியவில்லை. அதை விபத்துப் புத்தகத்தில் ஏற்றியே ஆக வேண்டும்.

இசக்கிமுத்துவை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். மேஜைமேல் புத்தகம் விரித்துக் கிடந்தது. ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி எழுதியிருந்தது. எழுதியவன் டைம் ஸ்டடி வேலுமணி. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். ஒரு சட்டைக்கை மூட்ட எத்தனை நொடி, ஒரு கழுத்துப் பட்டி வைக்க எத்தனை நொடி என்று பெண்களின் தலைமாட்டில் நின்று அளப்பதுதான் அவன் பிழைப்பு. என்ன எழுதியிருக்கிறது என்று இசக்கிமுத்து கேட்டான். வேலுமணி முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்துச் சொன்னான். காரணம், டிரைவரின் கவனக்குறைவு. எடுத்த நடவடிக்கை, டிரைவரை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. பெட்டியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"ஒரு கையெழுத்துத்தானுங்க," என்றார் மகுடேஸ்வரன். எல்லாம் காகிதத்துக்குத்தான், ரெண்டு மாசம் நிட்டிங்கில் இருந்துவிட்டு மறுபடி வண்டிக்கு வந்துவிடலாம், உங்களை விட்டுவிடுவேனா என்றெல்லாம் இழுத்தார்.

இசக்கிமுத்து பதினேழு வருஷம் லாரியும் வேனுமாக ஓட்டியவன். ஒரு ஆட்டுக்குட்டிமேல்கூடச் சக்கரத்தை ஏற்றியதில்லை. ஒரு பெண்ணின் கையை ஒடித்தவன் என்று தன் கைப்படவே ஒப்புக்கொடுத்தால், அதற்குப் பிறகு எவன் அவனை நம்பிச் சாவியைக் கொடுப்பான்? அதுவும் எதற்கு? வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் டேப் ஒட்டிப் பூட்டிய ஒரு பெட்டிக்காக. அந்தப் பெட்டியால் வண்டி வேகமாகப் போகிறது என்று இந்த மனுஷர் இன்னும் நம்புகிறார் என்பதை நினைக்க நினைக்க அவனுக்குக் காது சூடேறியது.

"போடுதேன் மொதலாளி," என்றான். "அதுக்கு முன்னால ஒண்ணு. ஒன்னுக்குப் போற பொம்பளையக்கூட நொடி பாத்து அளக்குதியளே, அந்தப் பெட்டிய ஒரு தடவ அளந்து பாப்பமா?"

வேலுமணி தலையைக் குனிந்துகொண்டான். மகுடேஸ்வரன் சிரித்தார். அவருக்குப் பெட்டியின்மேல் அவ்வளவு நம்பிக்கை, அளந்தால் இவன் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று எழுந்து வந்தார்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு நேரான மண் ரோடு, லேசான மேடு. கேட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை என்று கணக்கு வைத்தார்கள். ஆட்களின் பாரத்துக்குக் வெட்டிய துணிக் கழிவு மூட்டைகளை ஏற்றினார்கள். தான் ஓட்டினால் ஏமாற்றுகிறான் என்பார்கள் என்று இசக்கிமுத்து ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. முதலாளியையே உட்காரச் சொன்னான். வேலுமணி உள்ளே நின்றபடி வாட்ச்சைப் பிடித்தான். முதல் ஓட்டம் அரை மிதி. பெட்டியோடு முப்பத்தாறு நொடி. பெட்டியின் ஒயரைப் பிடுங்கி மிதியை நேரே இணைத்து, அதே அரை மிதி, நாற்பத்தைந்து நொடி. மகுடேஸ்வரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பார்த்தீங்களா என்றார். முகமெல்லாம் பல்.

இப்போது தரையோடு மிதியுங்கள் என்றான் இசக்கிமுத்து.

பெட்டி இல்லாமல் முழு மிதி, முப்பத்துநாலு. பெட்டியை மாட்டினான். மகுடேஸ்வரன் காலை அழுத்தினார், வண்டி எம்பிக் குதித்தது, வேலுமணி வாட்ச்சும் கையுமாக மூட்டைமேல் போய் விழுந்தான். எழுந்து நெற்றியைத் தடவிக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தான். முப்பத்துநாலு. மகுடேஸ்வரன் நம்பவில்லை. இன்னொரு முறை, அதற்கப்புறம் இன்னொரு முறை. முப்பத்துநாலு, முப்பத்தைந்து. அதற்குமேல் பெட்டியிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

பிறகு இசக்கிமுத்து பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றினான். சுவரில் ஓங்கி நாலு தட்டுத் தட்டினான். வெள்ளையும் நீலமுமாகப் பஞ்சு உதிர்ந்து செருப்பு மறைய விழுந்தது. தட்டியதையே திருப்பி மாட்டி, பெட்டியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டுங்கள் என்றான். இருபத்தொன்பது நொடி. மூன்று முறை கேட்டும் வாங்கித் தராத சாமான், புதிதாக வாங்காமல் வெறுமனே தட்டியதற்கே ஐந்து நொடி கொடுத்தது.

மகுடேஸ்வரன் வண்டியை விட்டு இறங்கி, பிடுங்கிய பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க, மனுஷருக்கு உறைத்துவிட்டது என்றுதான் இசக்கிமுத்து நினைத்தான். ஆபீசுக்குத் திரும்பினார்கள். அங்கே கையில் மாவுக்கட்டோடு ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள். லீவுக்குக் கையெழுத்துப் போட வரச் சொன்னார்களாம், ஆபீஸ் ஆள் காட்டிய இடத்தில் போட்டுவிட்டாளாம், பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகுடேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "நீங்க சொன்னது நெசந்தானுங்க. பெட்டியக் கழட்டிப்போடலாம்," என்றார். "ஆனா அதப் புஸ்தகத்துல எழுதுனா, யாரு மாட்டச் சொன்னதுன்னு பையர் கேப்பானுங்க. ஆர்டர் போயிருமுங்க. நீங்க கையெழுத்தப் போட்டுருங்க."

இதைக் கேட்டபோது வந்த கோபம் இசக்கிமுத்துவுக்கு அதுவரை வாழ்நாளில் வந்ததில்லை. தெரியாமல் பழி போட்டால் அறியாமை என்று விட்டுத்தள்ளலாம். கண்ணால் பார்த்து, காலால் மிதித்து, நொடிக்கணக்கில் அளந்து, நிஜம் என்று வாயாலும் ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் அதே பழியை அதே மரியாதையோடு நீட்டுகிறவரை என்ன செய்வது? அவன் புத்தகத்தை இழுத்துப் பார்த்தான். சாட்சி என்ற இடத்தில், இடது கையால் கோணல்மாணலாக எழுதிய ஒச்சாயியின் பெயர் இருந்தது.

"என்னன்னு தெரிஞ்சா போட்ட?" என்று கேட்டான்.

"லீவுக்குன்னாங்கண்ணே," என்றாள் அவள்.

இசக்கிமுத்து பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போடப்போகிறான் என்று மகுடேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தார். அவன் ஆங்கில வரிகளுக்குக் கீழே தமிழில் எழுதத் தொடங்கினான். எழுத்துப் பழக்கம் விட்டுப்போன கை, ஒவ்வொரு எழுத்தும் பெரிது பெரிதாக விழுந்தது. பக்கம் முக்கால்வாசி நிரம்பும்வரை எழுதி, அடியில் ஊர்ப் பெயரோடு கையெழுத்துப் போட்டான். எனக்குப் படிச்சுக் காட்டுங்க என்றாள் ஒச்சாயி. அவன் படித்தான்.

"வண்டியில் ஒரு பெட்டி மாட்டினார்கள். அதனால் வண்டி குதித்தது. முதலாளியிடம் சொன்னேன், பழகிக்கொள்ளச் சொன்னார். குமிழைக் குறைக்க முடியாமல் டேப் ஒட்டினார். இன்றைக்கு அளந்து பார்த்தோம், அந்தப் பெட்டியால் வேகம் கூடவில்லை. ஒச்சாயி கை ஒடிந்ததற்குக் காரணம் அந்தப் பெட்டி. குதிக்கும் என்று தெரிந்தும் அந்த வண்டியை எடுத்தது நான். அந்தத் தப்பு மட்டும் என்னுடையது."

ஒச்சாயி அவனுக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தப்பு உன்னுடையது இல்லை என்றும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையைப் புத்தகத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் பழைய கையெழுத்தை அடித்துவிட்டு, அவன் எழுதியதற்குக் கீழே தன் பெயரை மெதுவாக எழுதினாள்.

மகுடேஸ்வரன் எட்டிப் புத்தகத்தைப் பிடுங்கினார். அந்தத் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பற்றினார்.

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடிச்சிருக்குதுங்க," என்றான் வேலுமணி, தரையைப் பார்த்துக்கொண்டே. "கிழிச்சா ஆடிட்ல தெரிஞ்சு போயிருமுங்க."