வளைவில் விழுந்த ‘ணு’

“வேணாம்னுதான் சொன்னே, எல்லாருக்கும் கேட்டுச்சு…”

“வேணும்னு கத்தினேண்ணே, தொண்டை கிழிய…”

“கத்தியிருந்தா கேக்காதா?”

அண்ணன் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கெல்லாம் அதிகாரி. தங்கை அவற்றில் ஒன்றில் நர்ஸ். பிரசவமாகி ரத்தம் நிற்காத ஒருத்தியை ஏற்றிக்கொண்டு வருகையில் அவள் வயர்லெஸ்ஸில் சொன்ன ‘ரத்தம் வேணும்’, ஆஸ்பத்திரிக்கு ‘ரத்தம் வே…ம்’ என்றுதான் போய்ச் சேர்ந்தது. கேட்டவர் நடுவில் தனக்குத் தோன்றியதைப் போட்டு ‘வேணாம்’ ஆக்கிக்கொண்டார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. உதிர்ந்த ‘ணு’ பாலத்துக்கு முந்தைய வளைவில், டயர் கடை வாசலில் கிடந்தது. யார் பக்கத்தில் போனாலும் நர்ஸின் குரலில் ‘ணு’ என்றது.

அங்கே விழுந்த முதல் எழுத்தும் அதுவல்ல. ஓடுகிற வண்டியில் ஒற்றை ஆன்டெனா என்றால் அப்படித்தான். கட்டடங்களில் மோதித் திரும்பும் அலைகள் ஓரோர் இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். வண்டிக் கூரையில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று இருந்தால், இது கோட்டைவிட்டதை அது கொண்டுசேர்க்கும். அதற்கென்றே வாங்கிய ஆன்டெனாக்கள் பெட்டி பிரிக்காமல் ஸ்டோரில் தூங்கின. “வண்டியா, எருமையா? ரெண்டு கொம்பு எதுக்கு?” என்று மாட்டவிடாமல் சிரித்தவர் அண்ணன்தான்.

பழி தங்கையின் தலையில் விடிந்தது; வேலை போயிற்று. அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்து வளைவுக்கு இழுத்துப் போனாள். “தினமும் கூட்டித் தள்றேன் சார், திரும்ப வந்து உக்காந்துக்குது” என்றார் டயர் கடைக்காரர், தூசியைப் பற்றிச் சொல்வதுபோல. அண்ணன் குனிந்தார். ‘ணு’ என்றது. தங்கையின் குரல் அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்தவர் ஸ்டோருக்கு போன் போட்டார்.

அடுத்த வாரமே எல்லா வண்டிகளிலும் இரண்டாவது ஆன்டெனா ஏறியது. அதன்பின் எழுத்து எதுவும் உதிரவில்லை. பழையவை மட்டும் கிடந்தன. மழையில் ஜலதோஷம் பிடித்த குரலில் பேசின. பிள்ளைகள் தாண்டி நடக்கப் பழகினார்கள். தபால்காரர் ‘ணு வளைவு’ என்றால் தெரிந்துகொண்டார்.

நாலைந்து வருஷம் கழித்து, அந்த ஆன்டெனாக்களுக்காகக் கிடைத்த விருதோடு அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்தார். “உன் மேல இருந்த புகாரைக் கமுக்கமா எடுத்தாச்சும்மா. பழசை விடு, வேலைக்கு வா.”

அவள் விருதைத் தொடவில்லை.

“அந்தப் பொண்ணோட புருஷன் இன்னும் நான்தான் வேணாம்னேன்னு நெனச்சுட்டிருக்கான். அவன்கிட்ட சொன்னியா?”