மூன்றாவது பேரிங்

எட்டு மாதத்தில் மூன்றாவது முறையாக அந்த ஜீப் பட்டறைக்கு வந்தது. கிள்ளை ரோட்டில் திரும்பும்போதே சத்தம் முன்னால் வந்துவிட்டது. தகரத்தின் மேல் ஆணியை வைத்து இழுப்பது போல ஒரு கீச்சல். அதைக் கேட்டதும் மெக்கானிக் கொளஞ்சிக்கு இடுப்பு வலித்தது. இந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் இறக்க வேண்டிய கியர் பாக்ஸ் என்ன கனம் என்று அந்த இடுப்புக்குத்தான் தெரியும். கைக்கு ஆள் கிடையாது. மல்லாந்து படுத்து, ஜாக்கியிலும் பலகையிலும் பாதி, நெஞ்சில் பாதி என்று வாங்கித்தான் இறக்க வேண்டும்.

சிங்காரம் இறங்கி வந்தார். வைத்திலிங்கத்தின் இறால் பண்ணையில் பதினாறு வருஷமாக டிரைவர். வண்டி அவருக்கும் முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்தது.

"மறுபடி பேசுது மாப்ள."

"பேசல மாமா, கூப்பாடு போடுது."

காலையிலேயே வைத்திலிங்கம் போன் செய்திருந்தார். "இதான் கடைசி கொளஞ்சி. வண்டி கோளாறா, நீ போடுற சாமான் கோளாறா, இல்ல டிரைவர் கோளாறா, எனக்குத் தெரிஞ்சாவணும். டிரைவருன்னா ஆள மாத்திடுறேன்." சிங்காரத்திடமும் அதையே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"மிதிங்க மாமா."

கீச்சென்றது.

"வுடுங்க."

நின்றது.

சந்தேகமே இல்லை, ரிலீஸ் பேரிங். கிளட்சை மிதிக்கும்போது முன்னால் போய், சுற்றுகிற தகட்டை அமுக்குவது அதன் வேலை. காலை எடுத்தால் அதற்கு ஓய்வு. ரெண்டு வருஷம் தாராளமாக உழைக்க வேண்டிய சாமான், நாலு மாதத்தில் தேய்ந்து போகிறதென்றால் ஓய்வே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கொளஞ்சி முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டான். பெடலை இறுக்கி வைத்துவிட்டோமோ என்று அமுக்கிப் பார்த்தான். ஓர் அங்குலம் லூசு, போன தடவை வைத்தபடியே இருந்தது. அப்புறம் எங்கே கோளாறு?

"வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவம்."

ஐப்பசி மழை லேசாகத் தூறியது. ரெண்டு பக்கமும் நடவு வயல். சிங்காரம் டாப் கியரைப் போட்டார். கியர் விழுந்த பிறகு நிற்க வேண்டிய சத்தம் நிற்கவில்லை. மெலிந்து, விடாமல் கூடவே வந்தது.

"கிளட்சுலேருந்து காலை எடுங்க மாமா."

"எடுத்துட்டனே."

கொளஞ்சி குனிந்து பார்த்தான். இடது கால் முழுசாகப் பெடலின் மேல் கிடந்தது. கணுக்காலைப் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தான். சத்தம் அறுந்தது. சத்தம் நின்ற பிறகுதான் சிங்காரம் கீழே பார்த்தார்.

வண்டியை ஓரங்கட்டினார்.

"எத்தினி நாளா மாமா?"

"பொங்கல்லேருந்து மரப்பா இருந்துச்சு. சர்க்கரை. செருப்புக்கும் காலுக்கும் நடுவுல பஞ்சு வச்சாப்ல இருக்கும். இவ்வளவு ஜாஸ்தின்னு தெரியாது."

"வலது கால்?"

"அது நல்லாருக்குது. அதுலதான பிரேக் புடிக்கிறன். புடிக்குதுல்ல?"

கொளஞ்சி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு வேலை வரும். இருக்கிற வேலையே அவனுக்கு நெஞ்சு முட்ட இருந்தது.

"எம் புள்ள அறிவுமதிக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்குது மாப்ள. சாமான் டூப்ளிகேட்டுன்னு சொல்லிடேன்."

"உங்க பொழப்புக்காக என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுக்கவா?"

"மண்ணு இல்ல. கொஞ்சம் தூசி."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தும் கொளஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டறைக்கு வந்து கியர் பாக்ஸை இறக்கினான். பேரிங் நீலம் பாரித்து, கையில் சுற்றினால் மணல் போல நறநறத்தது. புதுசு போட்டான். திரும்ப ஏற்றும்போது ஷாஃப்ட் துளையில் சேராமல் முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றது. ஆயில் கண்ணில் சொட்டியது. சிங்காரம் பெஞ்சில் உட்கார்ந்து, "இடது பக்கம் கொஞ்சம் தூக்கு" என்று பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. துண்டுத் தகடு ஒன்றை வெட்டி, ஓரத்தை மடித்து, பெடலுக்கு இடப்பக்கம் தரையில் வெல்டிங் வைத்தான். காலை அதில் வைத்தால் மடிப்பைத் தாண்டிப் பெடல் பக்கம் நகராது. கால் வைக்க இடம் இல்லாத வண்டி, இடம் பண்ணிவிட்டேன் என்று வைத்திலிங்கத்திடம் சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.

"நீ கெட்டிக்காரன்டா மாப்ள" என்றார் சிங்காரம். மணி நாலரை. பண்ணையின் தெற்குக் குட்டைக் கரையில் வேலை முடித்த பத்துப் பெண்கள் வண்டிக்குக் காத்திருப்பார்கள். ஜீப் அகலமே உள்ள மண் கரை, ரெண்டு பக்கமும் தண்ணீர். சிங்காரம் வேலி ஓரம் ஒதுங்கிவிட்டு வந்து, ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கிளட்சை மிதித்தார். சத்தம் இல்லை.

கொளஞ்சி ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்தான். வேலி ஓரச் சேற்றில் ஒரு ரப்பர் செருப்பு செருகி நின்றது. வலது கால் செருப்பு.

அதைப் பிடுங்கிக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் நின்றான்.

"ஆஃப் பண்ணுங்க மாமா."

"இன்னா, இன்னும் சத்தம் வருதா?"

"இது யாருது?"

சிங்காரம் செருப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். ஆக்சிலேட்டர் மேல் வெறுங்கால், கணுக்கால் வரை சேறு. குதிகாலில் பட்டறைக் கம்பித் துண்டு ஒன்று குத்தி நின்றது. சேற்றோடு ரத்தம் கலந்து வடிந்தது. வேலியிலிருந்து இருபது அடி அப்படியே நடந்து வந்திருக்கிறார்.

"அந்தப் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டுக் கரை மேல வரணும் மாமா" என்றான் கொளஞ்சி.

சிங்காரம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. காலைத் தூக்கித் தொடைமேல் போட்டு, கம்பியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். முகம் சுளிக்கவில்லை. சுளிக்க அங்கே வலி இல்லை.

"மொதலாளிக்கு நான் போன் பண்ணட்டா மாமா?"

"வேணாம். நீ சொன்னா கோள் சொன்னாப்ல ஆயிடும். நானே சொல்லிக்கிறன்."

கியர் கம்பியைத் தாண்டி, முனகிக்கொண்டே பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். கொளஞ்சி கையைக்கூடக் கழுவாமல் ஏறினான். பெண்கள் காத்திருக்கும் கரைக்கு வண்டியை எடுத்தான். இடது கால் தானாகப் போய் அந்தத் தகட்டில் உட்கார்ந்தது.

சிங்காரம் சேற்றுச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தார். கிள்ளை நெருங்கும்போது சொன்னார்.

"வேல நல்லா செஞ்சிருக்க மாப்ள. சத்தமே இல்ல."