ஆளுக்குப் பாதி மைதானம்

சாப்பாட்டு மேஜையில், என் தட்டுக்குப் பக்கத்தில், என் கணவர் ஒரு துண்டுப் புல்லைக் கொண்டுவந்து வைத்தார். பச்சைப் பசேலென்று இருந்தது. ஓரமெல்லாம் சதுரமாகக் கத்தரித்து, அடியில் கறுப்பாக ஒரு விரிப்பு.

"தடவிப் பாரு."

"சாப்பிடுறேன்ல."

"இடது கை சும்மாதானே இருக்கு? பாரு, அசல் புல்லு மாதிரியே இல்ல?"

அசல் புல் மாதிரி வேண்டுமென்றால் அசல் புல்லையே போடலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நான் அண்ணன் கட்சி ஆகிவிடுவேன். எதற்கு வம்பு என்று தடவினேன். அது அதைவிடப் பெரிய வம்பாகிவிட்டது. மறுநாள் சங்கத்தில் போய், "என் வீட்டுக்காரியே தொட்டுப் பாத்து அசந்து போயிட்டா" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் குடியிருப்பின் விளையாட்டுச் சங்கத்துக்கு என் அண்ணன் தலைவர், என் கணவர் செயலாளர். அண்ணன் பல் டாக்டர். கணவர் சமையலறை அலமாரி செய்து விற்கிறவர். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ஒரு பந்தை நேராக உதைத்தது கிடையாது. விளையாடுகிறவர்கள் நாங்கள். நான் கோல்கீப்பர், அணிக்குக் கேப்டனும் நான்தான். அண்ணி எனக்கு முன்னால் நின்று, வருகிறவர்களை எல்லாம் வந்த வழியே அனுப்பி வைப்பவர். ஓரத்தில் ஓடுகிற சின்னப் பெண்ணுக்குக் காத்தாடி என்று பெயர் வைத்திருக்கிறோம். எட்டு வருஷமாகப் பெண்கள் லீக்கில் இருக்கிறோம். கோப்பை கீப்பை எதுவும் வாங்கியதில்லை. கடைசிக்கு முந்தின இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததுமில்லை.

எனக்கு வேலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது. வாரம் பூராவும் ஜன்னல் இல்லாத அறையில் நின்று, "மூச்ச இழுங்க, அசையாதீங்க" என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி நேரம்தான் நான் மூச்சு விடுவது. இதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

எங்கள் மைதானம் குண்டும் குழியுமாகிப் போனது. சரி, புதிதாகப் போடலாம் என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. அண்ணன் அசல் புல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கணவர் டர்ஃப்தான் என்றார். டர்ஃப் என்றால் அந்தப் பிளாஸ்டிக் புல். வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம், அழுக்கானால் குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாம். அவருடைய அலமாரிகளைப் பற்றியும் இதையேதான் சொல்லி விற்பார்.

இரண்டு பேரும் சண்டை போடுவது ரொம்ப மரியாதையாக இருக்கும். அதுதான் கடுப்பே.

"மாப்பிள்ளை சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா வெயில்ல அது தோசைக்கல்லு மாதிரி கொதிக்குமே."

"மச்சான் அனுபவஸ்தர், நான் இல்லேங்கல. ஆனா ரெண்டு மழை பேஞ்சா உங்க புல்லுல வாத்துதான் நீந்தும்."

உண்மையைச் சொன்னால் இரண்டிலும் எனக்கு வலி இருக்கிறது. டர்ஃபில் பாய்ந்து விழுந்தால் தொடைத் தோல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ராத்திரி போர்வை அதில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு ரப்பர் துகள் காலுறைக்குள் ஏறி வீடு வரைக்கும் வந்து, துணி துவைக்கிற மிஷினில் குடியேறிவிடும். புல்லிலோ, மற்ற எல்லா இடத்திலும் பட்டாகக் கிடக்கும். கோல் வாசலில் மட்டும் எங்கள் கால் மிதித்து மிதித்து ஒரு முளை தங்காது. மற்றவர்கள் புல்லில் விளையாடுவார்கள், நான் எப்போதும் சேற்றில். ஆனாலும் எதுவாக இருந்தாலும் எனக்குச் சரி. நிற்க ஒரு இடம் இருந்தால் போதும்.

அதைத்தான் சொன்னேன். "எதை வேணும்னாலும் போடுங்க. சீக்கிரம் போடுங்க." சீக்கிரம் என்றால் டர்ஃப்தான் என்று கணவர் சந்தோஷப்பட்டார். எதை வேண்டுமானாலும் என்றால் தலைவர் சொல்கிறதைத்தான் என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. லீக்கில் ஒரு விதி. சீசன் முடிவதற்குள் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டமாவது நடத்திக் காட்டாத அணியை நீக்கிவிடுவார்கள். எங்கள் மைதானத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு இவர்கள் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஊர் ஊராகப் போய் அடுத்தவர்கள் மைதானத்தில் தோற்றுக்கொண்டிருந்தோம். பயிற்சி எடுத்தது ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில். அங்கே ஒரு சர்ஜன் கார் கண்ணாடியைக் காத்தாடி உடைத்ததும் அதுவும் போயிற்று.

கடைசிக் கூட்டத்துக்கு நானும் அண்ணியும் போனோம். பேச வேண்டும் என்று கையைத் தூக்கினேன். "இரும்மா, உங்களுக்காகத்தான் பேசிட்டிருக்கோம்" என்றார் அண்ணன். வாக்கெடுப்பில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டா இல்லையா என்று ஒரு மணி நேரம் ஓடியது. அப்போதுதான் சங்கத்தின் பொருளாளர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனிதர், எழுந்து நின்று அந்த யோசனையைச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் மனக்கஷ்டம் வேணாம். ஆளுக்குப் பாதி."

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணனும் கணவரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிரியாணி மாதிரி பாதிப் பாதி வாங்கிக்கொள்கிற விஷயமா இது? நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு மைதானத்துல ரெண்டு தரை எப்படி?"

"பாதி நேரம் முடிஞ்சதும் பக்கம் மாறுவீங்கல்ல? ரெண்டு டீமுக்கும் சமமா போச்சு. இதவிட நியாயம் என்ன வேணும்?"

அவ்வளவு தெளிவாக இருந்தது அந்த முட்டாள்தனம்.

அப்புறம் வேலை நடந்தது. ஒரு பக்கம் கணவர் சுருள் சுருளாக டர்ஃபை விரித்துப் பசை போட்டு ஒட்ட வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் மேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து பார்ப்பார். இன்னொரு பக்கம் அண்ணன் புல் பதித்தார். சுற்றிலும் கயிறு கட்டி, "மிதிக்காதீர்" என்று பலகை வைத்தார். பயிற்சிக்காவது விடுங்கள் என்று கேட்டேன். "இப்பதான் வேர் பிடிக்குது. இப்ப கால வெச்சா ஆடிடும்" என்றார், யாருக்கோ பல்லைக் கட்டிவிட்டுச் சொல்கிற மாதிரி. கணவரிடம் போய் அவர் பாதியையாவது கேட்டேன். பசை காயவில்லை என்றார்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை வந்தது. சீசனில் அதை விட்டால் வேறு ஆட்டம் கிடையாது. எதிரணி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். இந்த வருஷம்தான் லீக்கில் சேர்ந்தவர்கள், நாங்கள் அதுவரை அவர்களோடு ஆடியதில்லை. வாடகைக்கு ஒரு பழைய பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். நாங்கள் சட்டை மாட்டி, பூட்ஸ் கட்டித் தயாராக நின்றோம். காத்தாடிக்கு நிற்க முடியவில்லை, குதித்துக்கொண்டே இருந்தாள்.

நடுவர் ஒல்லியான பெண்மணி. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்கு நடந்தார். நடுக்கோட்டில் கால் இடறியது. டர்ஃப் புல்லைவிட இரண்டு விரல் உயரம். நின்று, பந்தை வாங்கி டர்ஃபில் போட்டார். இடுப்பு வரைக்கும் எழும்பியது. ஒரு எட்டுத் தள்ளிப் புல்லில் போட்டார். தொப்பென்று விழுந்து அப்படியே கிடந்தது.

"யாரும்மா கேப்டன்?"

போனேன்.

"இது என்ன?"

"மைதானம்."

"எது மைதானம்? அதுவா, இதுவா?" கோபமாகக்கூட கேட்கவில்லை. பாவம் பார்க்கிற குரல். "முழுசா புல்லு இருக்கணும், இல்ல முழுசா டர்ஃப் இருக்கணும். இதுல ஆட்டம் நடத்த விதியில இடமே இல்ல. ஓடி வர்ற பொண்ணு இந்த விளிம்புல கால மாட்டுனா முட்டி போயிடும்."

அது எனக்குத் தெரியாதா? அப்படிப் போன முட்டிகளைத்தான் தினமும் படம் எடுக்கிறேன். தெரிந்தும், ஆட்டம் நடந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு சட்டை மாட்டியிருந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குள் அண்ணனும் கணவரும் ஓடி வந்துவிட்டார்கள். ஆறு மாதமாக ஒத்துப்போகாத இரண்டு பேரும் அன்றைக்குத்தான் ஒரே குரலில் பேசினார்கள்.

"மேடம், ரெண்டுமே பச்சைதானே?" என்றார் கணவர்.

"தூரத்துல இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது" என்றார் அண்ணன்.

"தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது சார். இவங்க அது மேல ஓடணும்." நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் தர்றேன். உங்க சங்கத்துக்கு வேற மைதானம் இருந்தா சொல்லுங்க."

எங்களுக்கு வேறு மைதானம் ஏது? அந்த அரை மணி நேரமும் நான் நடுவர் பக்கத்திலேயே நின்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் கடைசியில் விசிலைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். ஆட்டம் ரத்து. லீக்கிலிருந்து நாங்கள் நீக்கம். காத்தாடி தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணீரில் முடிச்சு தெரியவில்லை போல. அண்ணி குனிந்து அவிழ்த்துவிட்டார். எட்டு வருஷம் இப்படியா முடிய வேண்டும்?

நடுவர் வண்டி தெருவைத் தாண்டவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"முழுசும் புல்லா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது மாப்பிள்ளை."

"முழுசும் டர்ஃபா இருந்திருந்தா மூணு மாசம் முன்னாடியே ஆடியிருக்கலாம் மச்சான்."

நான் கையுறையைக் கழற்றி இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் போட்டேன்.

"லீக்ல இருந்து எங்கள எடுத்துட்டாங்க. காதுல விழுந்துச்சா?"

"உங்களுக்காகத்தானேம்மா இவ்வளவு பாடு பட்டோம்" என்றார் அண்ணன்.

"எங்களுக்காகன்னா, எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? கைய தூக்கினேன், இரும்மான்னு உக்கார வெச்சீங்க."

கணவர் முகம் கொஞ்சம் மாறியது. ஒரு நிமிஷம் யோசித்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"சரி, இப்ப கேக்கறேன். மனசுல இருக்கறத தைரியமா சொல்லு. உனக்கு டர்ஃப்தானே பிடிக்கும்?"

அண்ணன் உடனே, "நீ பயப்படாம சொல்லும்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. கையுறையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். பஸ் படிக்கட்டில் எதிரணிக் கேப்டன் நின்றுகொண்டிருந்தாள். வீணாக வரவழைத்துவிட்டோம், மன்னியுங்கள் என்றேன்.

"அட விடுங்கக்கா. நாங்களும் சட்டை மாட்டிட்டு வந்து இறங்கியாச்சு, ஆடாம போனா தூக்கம் வராது. எங்க கிரவுண்டு சும்மாதான் கிடக்கு. கணக்குல வராது, ஆனா ஆடலாம். பஸ்ல இடம் இருக்கு, வர்றீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி ஏறிவிட்டார். பின்னாலேயே காத்தாடி, கையில் பூட்ஸோடு, வெறுங்காலில். ஒவ்வொருவராக எல்லோரும் ஏறினோம். சீட்டுக்கு மூன்று பேர், மடியில் பைகள். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வாசலைத் தாண்டும்போது கணவர் ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் அண்ணன், மூச்சு வாங்க. பஸ் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எங்க போறீங்க எல்லாரும்?"

"விளையாட."

இரண்டு எட்டு கூடவே ஓடினார். ஏதோ கேட்கத் தவிக்கிறார் என்று தெரிந்தது. வீட்டுக்கு எப்போது வருவாய் என்பதாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அவங்க கிரவுண்டு என்னது? புல்லா, டர்ஃபா?"

நான் அவரைப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"கேக்கலையே" என்றேன்.