தானாக அணைந்த கற்பூரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள் ஜீவராணி. வாராவாரம் அவள்தான் போடுவாள். மன்ற உறுப்பினர்களில் அவள் மட்டும்தான் பெண்.

சில வருடங்களுக்கு முன் பதுளையிலிருந்து ஒரு நிறுவனத்தார் மடுல்சீமைத் தோட்டத்துக்கு ஏறி வந்து, பரீட்சார்த்தமாக இந்தச் சமூக நீதி மன்றத்தைத் தொடங்கி வைத்தார்கள். மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும் சண்டை, மரக்கறித் தோட்டத்து எல்லைச் சண்டை எல்லாம் பேசியே தீர்ந்தன. பொலிசுக்குப் போனால் வேலைப் பதிவில் ஒருநாள் பேர் போகும், சம்பளமும் போகும். தெரியாத சிங்களத்தில் திணறவும் வேண்டும். "இங்க தீர்ந்தது கீழ பொலிசுக்குப் போகக் கூடாதுங்க. கற்பூரத்தக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்" என்று யோசனை சொன்னவளும் ஜீவராணிதான். மீறுகிற வீட்டுக்குப் பீலி வரிசையில் கடைசி முறைதான் என்று தீர்மானித்தபோதும் கை தூக்கினாள். திட்டம் முடிந்து நிறுவனத்தார் போய்விட்டார்கள். சத்தியம் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்றைய வழக்கு அவள் மகள் சுதர்ஷினியுடையது. இடது கை வீங்கி, சேலைத் துண்டில் தொங்கியது. குடித்துவிட்டு விறகுக் கட்டையால் அடித்த புருஷன் அஜந்தன் தூணில் சாய்ந்து நின்றான்.

"தங்கச்சி, எந்திரிச்சு அந்தப் பக்கம் நில்லுங்க. இன்னைக்கு நீங்க மெம்பர் இல்ல, தாய்" என்றார் தலைவர் கணபதி, பழைய கங்காணி.

ஜீவராணி எழுந்து மகள் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் நாற்காலிகள் வாசலை மறைத்தன.

"கோவத்துல பட்டுருச்சுங்க. ஆஸ்பத்திரில வழுக்கி விழுந்ததுன்னு சொல்லிக்கலாம்" என்றான் அஜந்தன்.

"மாப்பிள முன்யோசனக்காரன்தான்" என்று யாரோ சிரித்தார்கள்.

கணபதி கையமர்த்தினார். "இவன் இனிமே குடிக்க மாட்டேன்னு அணைக்கட்டும். புள்ள பொலிசுக்குப் போக மாட்டேன்னு அணைக்கட்டும். முடிஞ்சிச்சு."

அஜந்தன் ஒரு தட்டுத் தட்டி அணைத்துவிட்டு நகர்ந்தான். சுதர்ஷினிக்கு இன்னொரு கற்பூரம் கொளுத்தினார்கள். கூட்டத்திலிருந்து விஜயலெட்சுமி வந்து கற்பூரத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"நான் பிடிக்கிறேன் அக்கா. போன வருசம் எனக்குப் பிடிச்சது நீங்கதானே. 'அணைச்சிரு புள்ள, எல்லாம் சரியாப் போயிரும்'னீங்க. சரியாத்தான் போச்சு. ஒரு காதுதான் கேக்கல."

சுதர்ஷினி கற்பூரத்தை அணைக்க நல்ல கையை நீட்டினாள். ஜீவராணி அதை இறுகப் பிடித்தாள்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

கற்பூரம் எரிந்து கறுத்துத் தானாக அணைந்தது. ஜீவராணி மகளை அணைத்துக்கொண்டு நாற்காலிகளை விலக்கி வெளியே வந்தாள். அடுத்த பஸ்ஸில் பதுளைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னார்கள், பொலிசிலும் சொன்னார்கள்.

மறு ஞாயிறு நாற்காலி போட ஆள் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மன்றம் அப்படியே படுத்துவிட்டது. ஆனாலும் மீறிய வீட்டுக்குக் கடைசி முறை என்பது மட்டும் மாறவில்லை. ஜீவராணி பீலியில் எல்லாருக்கும் பின்னால் நின்றாள். முன்னால் நின்றவர்கள் திரும்பவில்லை.

அந்த வழியாக வந்த கணபதி நின்றார். "நல்லா நடந்த மன்றத்தக் கெடுத்துட்டீங்களே. நீங்க சொன்ன சட்டத்த நீங்களே மிதிச்சீங்க."

"ஆமாங்க, நான் சொன்னதுதான்" என்றாள் ஜீவராணி. "தண்ணிச் சண்டைக்குச் சொன்னது. அத வச்சு அடி வாங்குனவ வாயக் கட்டுனோம். விஜயலெட்சுமி வாயையும் நான்தான் கட்டுனேன். நியாயம் கேட்டுப் போற வழிய அடைச்சிட்டுப் பண்றது சமாதானம் இல்லைங்க. அது அடிச்சவனுக்குக் காவல்."

கணபதி தன் வழியே நடந்தார். வரிசையின் முன்னால் நின்ற விஜயலெட்சுமி தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜீவராணிக்குப் பின்னால் வைத்தாள்.